ஒருவரை ஒருவராகக் காணுதல்

டென்மார்க்கில் பள்ளிக்கூடம் போகும் எமது பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு வரும் வாக்கியங்களுள் ஒன்று, சட்டத்தால்தான் நாடு கட்டப்படவேண்டும் என்பது. கொப்பன்ஹேகனில் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. 1241ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தான் இறப்பதற்குச் சற்று முன்னதாக, இரண்டாம் வால்டமார் மன்னன் வழங்கிய யூலன்ட் சட்டத்தின் முகவுரை இந்த வாக்கியத்துடன்தான் தொடங்குகிறது. ஸ்கீவ, ஹேர்னிங், ஹொல்ஸ்டப்றோ என்று யூலன்டின் சிறு நகரங்களில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட நாம், அறியாமலேயே அந்தச் சட்டத்துக்குரிய மண்ணில் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசனும் ஆயர்களும் பிரபுக்களும் கூடி எழுதிய ஏட்டுக்கும், 1980களில் ஒரு பையுடன் இங்கு வந்திறங்கிய வடமராட்சி இளைஞனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த ஏட்டை எழுதியவர்கள் எம்மைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். தமது வயலில் உழுதவர்களைக்கூட அவர்கள் சரிசமமாக நினைக்கவில்லை. அப்படியிருந்தும் சம்பந்தம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். அது நேர்கோடாக ஓடி வந்த சம்பந்தம் அல்ல. பல தடவை அறுந்து, பல தடவை முடிச்சுப் போடப்பட்ட ஒன்று.

யூலன்ட் சட்டத்தின் முகவுரையில் சொல்லப்படுபவை எளிமையானவை. ஒவ்வொருவரும் தன்னுடையதோடு திருப்திப்பட்டு, மற்றவர்களுக்கும் அதே உரிமையை விட்டுக்கொடுத்தால் சட்டமே தேவைப்படாது. சட்டம் இல்லாத இடத்தில், யார் அதிகம் பறிக்க வல்லவனோ அவனுக்கே அதிகம் கிடைக்கும். சட்டம் நேர்மையானதாகவும் தாங்கக்கூடியதாகவும் எல்லோருக்கும் விளங்கக்கூடியதாகவும் இருக்கவேண்டும். தனி ஒருவரின் நன்மைக்காக எழுதப்படக்கூடாது. பலவந்தத்துக்கு ஆளாகுபவர்களைக் காப்பது மன்னனின் கடமை என்று கூறி, அப்படி ஆளாகுபவர்கள் யார் என்று ஒரு பட்டியலும் தரப்படுகிறது. விதவைகள், பாதுகாவலர் அற்ற பிள்ளைகள், யாத்திரீகர்கள், ஏழைகள். இவர்களோடு அந்நிய நாட்டவர்களும். 1241இலேயே இந்த நிலத்தின் சட்டம் அந்நியனைக் கண்டிருக்கிறது. தயவுக்குரிய விருந்தாளியாக அல்ல, அநீதி இழைக்கப்படக்கூடியவனாக. முகவுரையின் பல கருத்துகள் டென்மார்க்கில் முளைத்தவையும் அல்ல. ஐரோப்பா முழுவதும் உலாவிய திருச்சபைச் சட்ட நூல்களிலிருந்து வந்தவை. நல்ல வாக்கியங்களும் எம்மைப்போல எல்லை கடந்து வந்தே குடியேறியிருக்கின்றன.

1241இன் முகவுரை மன்னனின் கடமையைச் சொன்னது. மன்னன் கடமை தவறினால் என்ன செய்வது? இதற்கான பதிலைத் தேடி அடுத்த தலைமுறை இன்னொரு பத்திரம் எழுதியது. 1282ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி, ஃபூன் தீவிலுள்ள நியூபோர்க்கில், மன்னன் எறிக் கிலிப்பிங் பிரபுக்களின் நெருக்குதலுக்கு இணங்கி ஒரு பட்டயத்தில் கையெழுத்திட்டான். டென்மார்க்கின் மாக்னா கார்ட்டா என்று அதைச் சொல்வார்கள். ஆண்டுக்கொரு முறை பேரவை கூட்டப்படவேண்டும் என்பது அதில் ஒன்று. எவரும் தானாக ஒப்புக்கொண்டிருந்தாலோ, சட்டப்படி குற்றவாளியாகக் காணப்பட்டிருந்தாலோ, செய்யும்போதே கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தாலோ அன்றிச் சிறையிடப்படக்கூடாது என்பது இன்னொன்று.

இந்த இரண்டாவது விதியில் முக்கியமான சொல் ‘எவரும்’ என்பது. ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதற்காக அல்ல. மன்னனுக்குப் பிடிக்காத கூட்டத்தோடு திரிந்தவன் என்பதற்காக அல்ல. அவன் என்ன செய்தான் என்று, அவனைத் தனியாக நிறுத்திப் பார்த்த பிறகே கைவைக்கலாம். உரிமை என்று இன்று நாம் பேசும் பெரிய சொல்லின் வித்து இதுதான் என்று தோன்றுகிறது. என்னைப் பற்றி முடிவெடுக்கும்போது என்னைப் பார். என் அண்ணனை, என் ஊரை, என் சாதியை, என் மொழியைப் பார்த்து எனக்குத் தீர்ப்பு எழுதாதே.

ஆனால் எழுதியவர்களே அதைக் காப்பாற்றவில்லை. 1286 நவம்பரில் அதே எறிக் கிலிப்பிங், ஸ்கீவவுக்கு அயலிலுள்ள வீபோர்க் நகரின் அருகே, ஃபின்டெறுப் என்ற கிராமத்தின் களஞ்சியமொன்றில் இரவில் குத்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. என்றாலும் அடுத்த ஆண்டே நியூபோர்க் பேரவையில் ஒன்பது பேர் குற்றவாளிகளாக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். அரசியற் பகையே அங்கு தீர்ப்பெழுதியது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பட்டயம் எழுதி ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. இங்கிலாந்திலும் இதே கதைதான். 1215 யூனில் ஜோன் மன்னன் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவை அதே ஆண்டு ஓகஸ்டில் பாப்பரசர் செல்லாது என்று அறிவித்தார். சுதந்திர மனிதர் அல்லாத குடியானவர்களுக்கு அதில் பெரும் பயனும் இருக்கவில்லை. டென்மார்க்கில் 1660இல் மன்னனின் முழு ஆதிக்கம் வந்தபோது, முடிசூடும் மன்னர்கள் இத்தகைய பட்டயத்தில் ஒப்பமிடும் வழக்கமே நின்று போயிற்று. 1849 யூன் 5ஆம் திகதி அரசியலமைப்பு வரும் வரை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இந்நாட்டவர் தமது மன்னனைச் சட்டத்தால் கட்ட முடியாதவர்களாகவே இருந்தார்கள்.

அப்படியானால் பட்டயங்களால் பயன் என்ன? எழுதப்பட்ட வாக்கியம் தன்னை எழுதியவனுக்குக் கட்டுப்பட்டு இருப்பதில்லை. ‘எவரும்’ என்று எழுதியவன் தன்னைப் போன்ற பிரபுவைத்தான் நினைத்திருப்பான். ஆனால் வேறொருவன், வேறொரு நூற்றாண்டில், அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து ‘நானும் எவரும்தானே’ என்று கேட்கலாம். இன்றைய டென்மார்க் அரசியலமைப்பின் 71ஆவது பிரிவில் இதைக் கண்முன்னே காணலாம். அரசியல், மத நம்பிக்கைக்காகவோ பிறப்புக்காகவோ சுதந்திரம் பறிக்கப்படக்கூடாது என்ற விதி டெனிஷ் பிரசைகளுக்கு மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கைதுசெய்யப்படும் ஒருவர் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படவேண்டும் என்ற விதி எல்லோருக்கும் உரியது. ஒரே பிரிவில் ஒரு சொல் எம்மை வெளியே நிறுத்துகிறது. இன்னொரு சொல் உள்ளே விடுகிறது.

எம்மவர் இந்தச் சொற்களுடன் நேரடியாக மோதிய சம்பவம் தமிழர் வழக்கு என்று டென்மார்க்கில் அழைக்கப்படுவது. 1983 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் தன் மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரித்தை வழங்கியிருந்தது. அது சலுகை அல்ல, சட்டபூர்வமான உரித்து. 1987 யூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. இனிச் சமாதானம் வரும், தமிழர்கள் திரும்பிப் போகலாம், ஆகவே குடும்பங்களை அழைக்க அவசரமில்லை என்ற நினைப்பு இங்கு மேலிடத்தில் வளர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இருந்து, நீதியமைச்சர் எறிக் நின்-ஹன்ஸனின் பணிப்பின்பேரில், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்கள் கிடப்பில் போடப்பட்டன. ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தின் யுத்தம் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளர்களும் வைத்தியர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போதும் இங்கே நூற்றுக்கணக்கான கோவைகள் அசையவில்லை.

இங்கே கவனிக்கவேண்டியது, விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படவில்லை என்பதை. நிராகரித்தால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் மேன்முறையீடு செய்யலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால், காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மாக்னா கார்ட்டாவின் 40ஆவது பிரிவு நீதியை விற்பதையும் மறுப்பதையும் தாமதிப்பதையும் ஒரே தரத்துக் குற்றங்களாக வைத்துப் பேசுகிறது. அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்த உண்மை இதுதான்: அதிகாரத்தில் இருப்பவனுக்கு ‘இல்லை’ என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. பிந்தினாலே போதும். செல் விழும் ஊரில் பிள்ளைகளுடன் இருக்கும் ஒரு பெண்ணுக்கு ஓராண்டுத் தாமதம் என்பது வெறும் ஓராண்டு அல்ல.

கோவைகள் கிடந்தவிதம் இன்னொன்றையும் காட்டுகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பார்த்து, இவருக்கு உரித்து உண்டு, இவருக்கு இல்லை என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ‘தமிழர்’ என்ற ஒரு தலைப்பின் கீழ் அனைத்தும் கட்டி வைக்கப்பட்டன. 1282இன் வாக்கியம் தடுக்க முனைந்தது இதைத்தான்.

அதன் பிறகு நடந்ததை நாம் அறிவோம். 1953இன் அரசியலமைப்பு உருவாக்கிய ஒம்புட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரி, அப்போது ஹன்ஸ் கமல்டொஃப்ட்-ஹன்ஸன், 1989 மார்ச்சில் இச்செயல் சட்டவிரோதம் என்று அறிக்கையிட்டார். எதுவும் கம்பளத்தின் கீழ் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் போல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் உறுதி கூறினார். உயர் நீதிமன்ற நீதிபதி மோன்ஸ் ஹோர்ன்ஸ்லெத் நடத்திய விசாரணையின் அறிக்கை 1993 ஜனவரி 14ஆம் திகதி வெளியானது. அன்றே ஷ்லூட்டர் அரசாங்கம் பதவி விலகியது. அமைச்சர்களை விசாரிப்பதற்கான றிக்ஸ்றெட் எனும் நீதிமன்றம் 1910க்குப் பின் முதல் தடவையாகக் கூட்டப்பட்டு, 1995 யூன் 22ஆம் திகதி நின்-ஹன்ஸனைக் குற்றவாளியாகக் கண்டு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது.

தண்டனை சிறிது என்று சொல்வோர் உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் வாக்குரிமை இல்லாத, மொழி தெரியாத, ஆதரவுக்கு ஒரு கட்சியும் இல்லாத மனிதர்களின் கோவைகளுக்காக ஓர் அரசாங்கம் விழுந்தது என்பது சிறிய விடயமல்ல. இதைக் கருணை என்று அழைத்தல் தவறு. எம்மவரிடையே, எம்மை ஏற்ற நாடு என்ற நன்றிப் பேச்சு அடிக்கடி கேட்கிறது. நன்றி நல்ல குணம்தான். ஆயினும் உரித்தை நன்றியாக மாற்றிக்கொண்டால், அது பறிக்கப்படும்போது கேட்க வாய் வராது. தந்தவன் எடுத்தான் என்று இருந்துவிடுவோம். 1987இல் மனைவியின் கோவை என்னாயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்ல. இந்நாட்டின் பழைய வாக்கியத்தை இந்நாட்டின் அமைச்சரை விடச் சரியாக வாசித்தவர்கள்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். தனிமனித உரிமை மேற்குலகத்தின் சரக்கு. நாம் இழந்தது ஓர் இனத்தின் உரிமை. எமக்கு வேண்டியது கூட்டு உரிமை. தனிமனிதன் என்று தொடங்கினால் சுயநலத்தில்தான் முடியும் என்பார்கள். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எம்மை ஒடுக்கியவர்கள் எம்மைத் தமிழர் என்றே ஒடுக்கினார்கள் என்பது மெய். ஆனால் ஒடுக்குமுறையின் வடிவமே அதுதானே. 1979இன் பயங்கரவாதத் தடைச்சட்டம் குற்றம் சுமத்தாமலேயே 18 மாதங்கள் வரை ஒருவரைத் தடுத்துவைக்க இடமளித்தது. 2022இன் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்ததே ஒழிய நீக்கவில்லை. 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது, ஒவ்வொருவரும் யார், என்ன செய்தார் என்று கொன்றவர்கள் கேட்கவில்லை. ஓர் இனத்தை அழிக்க விரும்புபவன் முதலில் செய்வது, அதிலுள்ளவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க மறுப்பதே. ஆகவே தனியொருவரைக் காக்கும் விதி இனத்துக்கு எதிரானதல்ல. இனத்தைச் சுற்றி இடக்கூடிய வேலி அதுவே.

தமிழர் வழக்கில் கோரப்பட்டது என்ன என்பதையும் யோசிக்கலாம். மனைவியுடனும் பிள்ளைகளுடனும் ஒன்றாக வாழ்வது. தனியாகக் காணப்பட்டால்தான் அவர்களால் சேர்ந்து வாழ முடிந்திருக்கும். தனிமனித உரிமை மனிதனைத் தனிமைப்படுத்தும் என்ற பேச்சுக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1937இல் பிறேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞன் தோட்டத் தொழிலாளர் பக்கம் பேசினான் என்பதற்காக ஆங்கிலேயத் தேசாதிபதி அவனை நாடுகடத்த உத்தரவிட்டபோது, இலங்கை உயர் நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவின் பேரில் அவனை விடுதலை செய்தது. அந்நியன் ஒருவனுக்காகத் தேசாதிபதியையே தடுத்த நீதிமன்றம் எம்மிடம் இருந்தது. அதே ஆட்கொணர்வு மனுவைத்தான், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமற் போனவர்களின் மனைவியரும் தாய்மாரும் வவுனியா நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். வாக்கியம் ஒன்றே. ஆனால் மனிதர்கள் வரவில்லை. எழுத்து தானாக எவரையும் காப்பதில்லை. கேட்பவர் வேண்டும், கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலையில் ஆள்பவரும் இருக்கவேண்டும்.

எதிரியை மட்டும் அளக்கும் அளவுகோல் நேர்மையானதல்ல என்பதால், எமது பக்கத்தையும் இதே கோலால் அளக்கவேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகும்படி புலிகளால் கட்டளையிடப்பட்டார்கள். வட மாகாணத்தில் இவ்வாறு விரட்டப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். தையற்காரனையும் கைக்குழந்தையையும் ஒரே தலைப்பின் கீழ் கட்டிய கோவை அது. 1991 ஓகஸ்டில் கவிஞர் செல்வி புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். எந்தக் குற்றத்துக்கு, எந்த விசாரணையில், யார் முன்னிலையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. அவரும் வரவில்லை. ஒப்புதல், தீர்ப்பு, கையும் களவுமாகப் பிடிபடுதல் என்று 1282இன் பிரபுக்கள் தமக்காக எழுதிவைத்த மூன்று நிபந்தனைகளில் ஒன்றையாவது எமது விடுதலை அரசியல் தன் மக்களுக்கு உறுதி செய்ததா? ‘துரோகி’ என்ற ஒரு சொல்லே ஒப்புதலாகவும் தீர்ப்பாகவும் இருந்தது. விடுதலை கிடைத்த பிறகு சட்டம் வரும் என்றார்கள். சட்டம் பிறகு வருவதல்ல; அது எதைக்கொண்டு நாட்டைக் கட்டுகிறோம் என்பது.

மீண்டும் ஸ்கீவவுக்கு வருவோம். நகருக்கு வடக்கே சலிங் குடாநாட்டில் ஜேர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்கு வளர்ந்த இங்கர் ஸ்டொய்பேர் பின்னாளில் வெளிநாட்டவர் விவகார அமைச்சரானார். 2016 பெப்ரவரியில், தஞ்சம் கோரிய தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் அவர்களைப் பிரித்து வைக்கும்படி அவர் பணித்தார். இளம் பெண்களைக் கட்டாயத் திருமணத்திலிருந்து காப்பதே நோக்கம் என்றார். அந்தக் கவலை பொய்யானதல்ல. எமது சமூகத்திலும் அதற்கு இடமுண்டு. குற்றம் அந்தக் கவலையில் இல்லை. ஒவ்வொரு தம்பதியையும் தனித்தனியே கேட்டுப் பார்க்காமல் பிரித்ததுதான் குற்றம். 23 தம்பதிகள் பிரிக்கப்பட்டார்கள். ஒரு சிரியத் தம்பதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டது. 2021 டிசம்பர் 13ஆம் திகதி, றிக்ஸ்றெட் 26 நீதிபதிகளில் 25 பேரின் முடிவாக அவரைக் குற்றவாளியாகக் கண்டு 60 நாட்கள் சிறைத்தண்டனை விதித்தது.

1910க்குப் பிறகு டென்மார்க்கில் ஓர் அமைச்சர் இந்நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டது இரண்டே தடவைகள். இரண்டும் அந்நியர்களின் குடும்பங்களுக்காக. முதலாவது தமிழர்; இரண்டாவது பெரும்பாலும் சிரியர். 1241இன் பட்டியலில் அந்நியன் ஏன் இடம்பெற்றான் என்பது இப்போது விளங்குகிறது. ஆள்பவன் முதலில் தவறிழைப்பது கேட்க ஆளில்லாதவர்களுக்கே.

இதில் வெற்றிக் களிப்புக்கு இடமில்லை. தண்டனை பெற்ற அமைச்சர் 2022இல் புதிய கட்சி ஒன்றுடன் பாராளுமன்றத்துக்குத் திரும்பினார், மக்கள் வாக்களித்தார்கள். தாமதமும் புதிய வடிவம் எடுத்தது. 1987இல் சட்டத்துக்கு மாறாகச் செய்யப்பட்டது, பின்னர் சட்டமாகவே எழுதப்பட்டது. தற்காலிகப் பாதுகாப்புப் பெற்றவர்கள் குடும்பத்தை அழைக்க மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்ற அந்த விதி, தனிப்பட்ட நிலைமைகளைப் பார்க்க இடம் வைக்கவில்லை என்று 2021 யூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு சிரிய வைத்தியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டமே தவறும்போது சட்டத்துக்கு மேல் இன்னொரு சட்டத்தைத் தேடவேண்டியிருக்கிறது. 1282இல் பிரபுக்கள் மன்னனுக்கு மேல் ஒரு பத்திரத்தைத் தேடியதும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்று எமது வீடுகளிலும் கொண்டாட்டங்களிலும், ‘இந்தச் சிரியாக்காரர்’, ‘இந்தச் சோமாலியர்’ என்று தொடங்கும் பேச்சுகள் கேட்கின்றன. நாம் உழைக்க வந்தோம், அவர்கள் வாங்கித் தின்ன வந்தார்கள் என்று அது போகிறது. 1987இல் எமது கோவைகளைக் கட்டிய நூலும் இத்தகைய பேச்சிலிருந்துதான் திரிக்கப்பட்டது. அகதி முகாமில் தன் துணையிடமிருந்து பிரிக்கப்பட்ட அந்தச் சிரியப் பெண்ணும், எமது அக்காமாரைப்போல, ஒரு பதிலுக்காகக் காத்திருந்தவள். அவளுக்காகக் கேட்கப்பட்டது எமக்காகக் கேட்கப்பட்டதே. ‘எவரும்’ என்ற சொல் எம்மோடு முடிந்துவிட வேண்டும் என்று விரும்பும் உரிமை எமக்கில்லை. அது எம்மிடமிருந்து தொடங்கியதுமில்லை.